மூன்று மரங்களும் ஒரு செப்புத் தகடும்



போன செமஸ்டரில் நான் பண்ணிய ஒரு அசட்டுத்தனத்தில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது. மினி ப்ராஜெக்டுக்கு எல்.இ.டி. சேஸர் சர்க்யூட் எடுத்திருந்தேன். 4017 ஐ.சி. ஒன்று, 555 ஒன்று, பத்து எல்.இ.டி., அவ்வளவுதான். லேஅவுட்டை கிராஃப் தாளில் போட்டு, செப்பு போர்டின் மேல் பெயின்ட்டால் டிராக் வரைந்து, ஃபெர்ரிக் குளோரைடு டிரேயில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தேன். விரலெல்லாம் மஞ்சள் கறை. போர்டு அழகாகவே வந்தது. டிரில் போட்டு ஐ.சி.யைச் செருகப் போனபோதுதான் தெரிந்தது... எல்லாம் இடவலம் மாறிக் கிடக்கிறது! 1-ம் பின் வரவேண்டிய இடத்தில் 16-ம் பின். கம்பொனென்ட் பக்கத்திலிருந்து பார்த்துப் போட்ட படத்தை அப்படியே செப்புப் பக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். லேப் சார் திட்டவில்லை, சிரித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று சாயந்திரம் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் லைப்ரரியில் போய் உட்கார்ந்தேன். கையில் அகப்பட்டது அட்டை கிழிந்த ஓர் ஓவியப் புத்தகம். புரட்டிக்கொண்டே வந்தால் கறுப்பு வெள்ளையில் ஒரு படம். வெட்டவெளி. ஒரு மேடு. மேட்டின் மேல் மூன்று மரங்கள். இடது பக்கம் வானத்திலிருந்து மழை சாய்ந்து இறங்குகிறது. அடியில் எட்சிங், 1643 என்று போட்டிருந்தது. எட்சிங்கா? அது நம்ம லேப் வார்த்தையாச்சே! செம்பு, அமிலம், பூச்சு... 380 வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் இதே வேலையைப் பண்ணி மழை பெய்ய வைத்திருக்கிறார்!

அவர்தான் ரெம்பிராண்ட். வினாடி வினாவில் 'நைட் வாட்ச்' ஓவியத்தை வரைந்தவர் யார் என்று கேட்பார்களே, அவரேதான். இருட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்களை வரைந்தவர் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மரமும் மேடும் குடிசையும் வரைந்தவர் என்பது எனக்குப் புதுசு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1606 ஜூலை 15-ல் லெய்டன் நகரத்தில் பிறந்தார். அப்பா ஹார்மென், மில் வைத்திருந்தவர். பீர் காய்ச்சுவதற்கான மால்ட் தானியத்தை அரைக்கும் காற்றாலை அது. பக்கத்தில் ஓடும் ரைன் ஆற்றின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அம்மா ரொட்டி சுடுகிற வீட்டுப் பெண். நிறையக் குழந்தைகள். இந்தப் பையனை மட்டும் லத்தீன் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1620-ல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பெயரும் பதிந்தார்கள். பையன் அங்கே நிலைக்கவில்லை. ஓவியம் கற்றுக்கொள்ளப் போய்விட்டான். லெய்டனில் ஸ்வானென்பர்க் என்பவரிடம் மூன்று வருஷம், ஆம்ஸ்டர்டாமில் லாஸ்ட்மன் என்பவரிடம் ஆறு மாசம். நம்ம டிப்ளமோ மாதிரியே மூன்றரை வருஷக் கோர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தக் காலத்தில் ஓவியம் என்றால் இத்தாலிக்குப் போய்ப் படித்துவிட்டு வரவேண்டும். ரெம்பிராண்ட் போகவில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் நாட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். 1632 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். அதே வருஷம் டாக்டர் டுல்ப் ஒரு பிணத்தின் முன்கைத் தசைநார்களைப் பிரித்துக் காட்டும் ஓவியத்தை வரைந்ததும் பெயர் பரவிவிட்டது. பணக்கார வியாபாரிகள் தங்கள் முகத்தை வரையச் சொல்லி வந்தார்கள். 1634-ல் சாஸ்கியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய ஓவிய வியாபாரி ஆய்லன்பர்க்கின் உறவுக்காரப் பெண், ஃப்ரீஸ்லாந்தில் மேயராக இருந்தவரின் மகள். ஏறுமுகம் என்றால் அப்படி ஓர் ஏறுமுகம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஹாலந்து நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவில் நண்பர்கள் கவனிக்கவும்! நெதர்லாந்து என்ற பெயருக்கே தாழ்ந்த நிலங்கள் என்றுதான் அர்த்தம். பல இடங்களில் தரை கடல் மட்டத்துக்கும் கீழே. கரை கட்டி, காற்றாலையால் தண்ணீரை இறைத்து, ஏரியின் அடிமண்ணை வயலாக்கினார்கள். அதற்குப் பெயர் போல்டர். ரெம்பிராண்டுக்கு ஆறு வயசாகும்போது, 1612-ல், பேம்ஸ்டெர் என்ற பெரிய ஏரியை நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளை வைத்து வற்றவைத்தார்கள். ஒரே காற்றாலையால் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்க முடியாது. அதனால் படிப்படியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றினார்கள். வெளியே வந்த நிலத்தை டி-ஸ்கொயர் வைத்து வரைந்ததுபோல் சதுரம் சதுரமாகப் பிரித்தார்கள். ஆக, அந்த ஊரில் இயற்கை என்பதே பாதி எஞ்சினியரிங். மலை கிடையாது, அருவி கிடையாது. தட்டையான தரை, தூரத்தில் ஒரு சர்ச் கோபுரம், மீதி எல்லாம் வானம்.

இதில் வரைய என்ன இருக்கிறது என்றுதான் பெரிய ஓவியர்கள் ரொம்ப நாள் நினைத்தார்கள். அவர்கள் கணக்கில் வேதாகமக் கதையும் புராணமும்தான் உயர்ந்த சரக்கு, நிலக்காட்சி அதற்கெல்லாம் ரொம்பக் கீழே. ஆனாலும் 1600-க்குப் பிறகு ஹார்லெம் நகரத்தில் சிலர் ஊருக்கு வெளியே நடந்துபோய் மணல்மேட்டையும் வண்டிப்பாதையையும் உள்ளது உள்ளபடி வரைய ஆரம்பித்தார்கள். ஹோல்ட்சியஸ் அப்படி வரைந்தார். விஸ்ஸெர் என்பவர் 1611, 1612 வாக்கில் ஹார்லெமைச் சுற்றியுள்ள இடங்களை ஒரு வரிசையாக எட்சிங் போட்டு விற்றார். கடைக்காரர்களும் கைவினைஞர்களும் வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். சொந்த ஊர் நிலத்தைப் பார்த்து ரசிக்கலாம் என்பது அப்போதுதான் ஒரு பழக்கமாக வேர்விட்டது. ரெம்பிராண்ட் கண்டுபிடித்தது இல்லை இது. அவர் பின்னால் வந்தவர். ஆனால் வந்தவர் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதுதான் விஷயம்.

1639-ல் அவர் ப்ரேஸ்ட்ராட் தெருவில் ஒரு பெரிய வீட்டை 13,000 கில்டருக்கு வாங்கினார். பெரும்பகுதி கடன், தவணையில் கட்டுவதாகப் பேச்சு. விற்றவர்களில் ஒருவர் பெயர் கிறிஸ்டோஃபெல் தைஸ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

வீடு வந்தது, சந்தோஷம் வரவில்லை. முதல் மூன்று குழந்தைகளும் பிறந்த சில வாரங்களிலேயே போய்விட்டன. 1640-ல் அம்மாவும் இறந்தார். சாஸ்கியா நோயாளி. அவள் படுக்கையில் கிடப்பதை அவர் வரைந்த படங்கள் இருக்கின்றன. பார்க்கவே கஷ்டமாக இருக்கும். 1641-ல் டைட்டஸ் என்ற பையன் பிறந்து பிழைத்துக்கொண்டான். இந்தச் சமயத்தில்தான், 1640, 41 வாக்கில், மனுஷன் ஊருக்கு வெளியே நடக்க ஆரம்பிக்கிறார். ஆம்ஸ்டெல் ஆற்றங்கரை வழியாகத் தெற்கே, கடல் அணைக்கட்டு வழியாகக் கிழக்கே. காலையில் கிளம்பினால் சாயந்திரம் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். வரைந்தது என்ன? வைக்கோல் கொட்டகை, ஓலைக்கூரை சரிந்த ஒரு குடிசை, காற்றாலை, ஓடையில் கிடக்கும் படகு. யாரும் கேட்டு வாங்காத, யாரும் நின்று பார்க்காத சமாச்சாரங்கள்.

இன்னொரு வேடிக்கை. அவர் வண்ணத்தில் வரைந்த நிலக்காட்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பெரும்பாலும் கற்பனை மலை, கற்பனைப் புயல். செப்புத் தகட்டில் மட்டும்தான் உண்மையான ஹாலந்து வருகிறது. அவர் போட்ட எட்சிங் மொத்தம் சுமார் 300. அதில் நிலக்காட்சி இருபத்தைந்துக்குப் பக்கம்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்தில் இருபத்தைந்து. பணத்துக்காகச் செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, எப்படிச் செய்தார்? இதுதான் நம்ம ஏரியா. மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு. அது காய்ந்ததும் ஊசியால் கீறி வரைய வேண்டியது. செம்பைக் கீற வேண்டாம், பூச்சைக் கீறினால் போதும். எனவே தாளில் பேனா ஓடுகிற மாதிரி கை ஓடும். பிறகு அமிலத்தில் போட்டால் பூச்சு போன இடத்தில் மட்டும் செம்பு அரிபடும். அதிக நேரம் விட்டால் ஆழமான கோடு, தடித்த கறுப்பு. தூரத்துக் கோபுரம் மெலிதாகத் தெரிய வேண்டுமென்றால், கொஞ்ச நேரத்திலேயே தகட்டை எடுத்து அந்த இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி போடவேண்டும். நம்ம போர்டில் அரிபடாமல் மிஞ்சுகிற செம்புதான் டிராக். இங்கே நேர் எதிர். அரிபட்ட பள்ளம்தான் படம். பள்ளத்தில் மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்தால், பள்ளத்து மை தாளில் ஏறும்.

இதில் அமிலமே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. டிரைபாயின்ட் என்று பெயர். ஊசியால் நேராகச் செம்பையே உழவேண்டும். ஓரத்தில் பிசிறு எழும்பும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு அதன் பெயர் தெரியும், பர்! ஒர்க்‌ஷாப்பில் அதை ஃபைல் போட்டு எடுக்காவிட்டால் மார்க் போச்சு. ரெம்பிராண்ட் எடுக்கவில்லை. அந்தப் பிசிறில் மை தங்கி, அச்சில் வெல்வெட் துணி மாதிரி ஒரு கறுப்பு வரும். ஆனால் பிசிறு கொஞ்சம் பிரதிகளிலேயே நசுங்கிப் போய்விடும். ஆகவே முதலில் எடுத்த பிரதிகளுக்கும் பின்னால் எடுத்தவற்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1647 வாக்கிலிருந்து அவர் ஜப்பான் தாளையும் பயன்படுத்தினார். கொஞ்சம் மஞ்சள் ஓடிய, மையை மெத்தென்று வாங்கும் தாள். அதைக் கப்பலில் கொண்டுவந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. நம்ம பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்களே, அதே கம்பெனி!

இனி தப்புகளுக்கு வருகிறேன். எனக்கு ஆறுதல் தந்த பகுதி இது.

1641-ல் 'காற்றாலை' என்று ஒரு எட்சிங். வெகு காலம் அதை அவருடைய அப்பாவின் மில் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது இல்லை. ஆம்ஸ்டர்டாம் மதில் மேல் தோல் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்த ஆலை. மீன் எண்ணெய் போட்டுத் தோலைப் பதப்படுத்தும் இடம். நாற்றம் தாங்காமல் ஊர்க்காரர்கள் அதற்கு நாற்ற மில் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் படத்தின் வானத்தை உற்றுப் பார்த்தால் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரியும். பூச்சில் விரிசல் விட்டு அமிலம் உள்ளே புகுந்திருக்கிறது. நமக்கு லேபில் நடந்தால் ரிஜெக்ட். அவர் அதைத் தேய்த்து அழிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார். அதுவே மூடுபனி மாதிரி, அல்லது அந்த நாற்றமே காற்றில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

அடுத்தது இடவலம். தகட்டில் வரைந்தது தாளில் கண்ணாடிபோல் திரும்பி வரும். ஆம்ஸ்டர்டாம் நகரத்தைத் தூரத்திலிருந்து பார்த்து அவர் போட்ட எட்சிங்கில் சர்ச்சுகளும் காற்றாலைகளும் வரிசை மாறிக் கிடக்கின்றன. வலதில் இருப்பது இடதில்! அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. மேப் போட்டு விற்கிறவர் இல்லையே. அதைவிடச் சுவாரஸ்யம் 1650-ல் அவர் போட்ட ஒரு சங்கின் படம். கிழக்குக் கடலிலிருந்து போன, புள்ளி போட்ட கூம்புச் சங்கு. தன் கையெழுத்தை மட்டும் தகட்டில் திருப்பி எழுதியிருக்கிறார், தாளில் நேராக வந்துவிட்டது. சங்கின் சுழியைத் திருப்பவில்லை. தாளில் அது வலம்புரி ஆகிவிட்டது! என் 4017 ஐ.சி.யும் அதே கதிதான் என்று நினைத்தபோது லைப்ரரி என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

1642 ஜூன் மாசம் சாஸ்கியா இறந்தாள். வயசு 29. கையில் ஒன்பது மாசக் குழந்தை டைட்டஸ். அதே வருஷம்தான் 'நைட் வாட்ச்' முடிந்தது. அதற்கு அடுத்த வருஷம் 'மூன்று மரங்கள்'.

பழைய புத்தகங்களில் ஒரு கதை சொல்வார்கள். மனைவி போன துக்கத்தில் ரெம்பிராண்ட் இயற்கையிடம் அடைக்கலம் தேடினார் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருஷக் கணக்கு இடிக்கிறது. குடிசையும் கொட்டகையும் காற்றாலையும் 1641-லேயே போட்டுவிட்டார், சாஸ்கியா உயிரோடு இருக்கும்போதே. துக்கத்தில் ஓடிப்போனார் என்பதைவிட, வீட்டில் நோயும் சாவும் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மனுஷன் வெளியே போய் வைக்கோல் கொட்டகையைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு வந்தார் என்பதுதான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வெளியே வந்து எதிரே நிற்கிற வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அதில் காரணமும் இல்லை, தத்துவமும் இல்லை.

'மூன்று மரங்கள்' அளவில் ஏறக்குறைய ஏ4 தாள் அவ்வளவுதான். அவருடைய நிலக்காட்சி எட்சிங்குகளில் பெரியது அதுவே. எட்சிங், டிரைபாயின்ட், உளியால் வெட்டுவது என்று மூன்று வித்தையையும் ஒரே தகட்டில் இறக்கியிருக்கிறார். இடது மூலையில் மழை. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் விறைப்பான சாய்வுக் கோடுகள். அவற்றை இயற்கையான மழை என்று சொல்ல முடியாது, கோடு கோடாகவே நிற்கின்றன. ஆனால் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் சடசடவென்று பெய்கிறது. வலதுபக்கம் வானம் வெளுத்துக் கிடக்கிறது. புயல் வருகிறதா, போகிறதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. நடுவில் சமவெளி, மாடுகள், தூரத்தில் நகரத்தின் கோடு. மேட்டின் மேல் மூன்று மரங்கள், பின்னாலிருந்து வெளிச்சம் வாங்கிக்கொண்டு நெருக்கமாக நிற்கின்றன. அவற்றைச் சிலுவைகள் மூன்றுக்கு அடையாளம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். எனக்கு மரமாகவே இருந்தால் போதும்.

சாலிடர் ஜாயின்ட் பார்க்க வைத்திருக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த நாளும் லைப்ரரிக்குப் போனேன். அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இடதுபக்கம் ஓடைக்கரையில் தூண்டில் போடுகிறவர், பக்கத்தில் ஒரு பெண். மேட்டின் உச்சியில் ஒரு வண்டி நிறைய ஆட்கள். வலது ஓரத்தில் ஒரு சின்ன உருவம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு பெரிய புயல் பின்னால் நடக்கிறது, அவர் எதிர்ப்பக்கம் திரும்பி வேறு எதையோ வரைகிறார்! கீழே வலதுபக்கப் புதர் இருட்டில் ஒரு காதல் ஜோடி. முதல் பார்வையில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். இன்னொரு எட்சிங்கிலும், 'ஓம்வால்' 1645, ஒரு கிழட்டு மரத்தின் பொந்து நிழலுக்குள் இதேபோல் ஒரு ஜோடியை ஒளித்து வைத்திருக்கிறார். எதிர்ப்பக்கம் ஆறும் படகுகளும் ஊரும் பளிச்சென்று இருக்கும்போது இந்த இரண்டு பேரும் யார் கண்ணிலும் படாமல்! மனுஷனுக்குக் குசும்பு அதிகம்.

அதே 1645-ல் 'சிக்ஸின் பாலம்' என்று ஒன்று. நண்பர் யான் சிக்ஸின் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கடுகு இல்லை என்று வேலைக்காரன் வாங்கப் போனானாம். அவன் திரும்புவதற்குள் ஒரு தகட்டை முடிக்கிறேன் என்று பந்தயம் கட்டி ஜெயித்தாராம். இந்தக் கதை முதலில் அச்சேறியது 1751-ல், அவர் இறந்து எண்பது வருஷம் கழித்து. அந்த இடம் சிக்ஸின் தோட்டமே இல்லை என்றும் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கதையை விடுங்கள். படத்தைப் பார்த்தால் அவ்வளவு வேகம் தெரிகிறது, அதனால்தான் கதை ஒட்டிக்கொண்டது.

அவரை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. குழந்தை டைட்டஸைப் பார்த்துக்கொள்ள கேர்ட்யே என்ற விதவைப் பெண் வந்தாள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று 1649-ல் கோர்ட்டுக்குப் போனாள். வருஷத்துக்கு 200 கில்டர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று. அடுத்த வருஷம் அவளை கௌடா ஊரின் சீர்திருத்தச் சிறையில் அடைப்பதில் ரெம்பிராண்டுக்கும் கை இருந்தது. 1655 வரை உள்ளே இருந்தாள். எந்தப் படத்தை வைத்தும் இதைச் சரிக்கட்ட முடியாது. அதற்குள் ஹென்ட்ரிக்யே என்ற இளம்பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். 1654-ல் அவள் கர்ப்பமாக இருந்தபோது சர்ச் சபை கூப்பிட்டுக் கண்டித்தது அவளைத்தான்.

இப்போது தைஸ். வீட்டை விற்றவர், ஞாபகம் இருக்கிறதா? பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவருக்குப் பாதிப் பணம்கூட ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1651-ல் ரெம்பிராண்ட் ஒரு நீளமான தகடு போட்டார். உயரம் 12 சென்டிமீட்டர், அகலம் 32. மணல்மேட்டில் நின்று பார்த்தால் தெரிகிற ஹார்லெம் சமவெளி. வயல், துணி வெளுக்கப் பரப்பும் புல்வெளி, மரக்கூட்டம், வீடு, தூரத்தில் ஹார்லெமின் பெரிய சர்ச். நடுநடுவே டிரைபாயின்ட் பிசிறு பட்டுக் கறுத்த இடங்கள், மேகநிழல் வயல்மேல் ஓடுகிற மாதிரி. வானத்தில் ஒரு கோடு கிடையாது. வெறும் தாள். அந்த வெறுமைதான் அவ்வளவு அகலத்தைக் கொடுக்கிறது.

ரொம்பக் காலம் இதை 'பொன் நிறுப்பவரின் வயல்' என்று சொல்லிவந்தார்கள். ஆய்டென்போகார்ட் என்ற வரி அதிகாரியின் நிலம் என்று நினைத்து வைத்த பெயர். தப்பு. படத்தின் நடுவில் இருக்கிற பண்ணை சாக்ஸன்பர்க் என்றும், அதன் சொந்தக்காரர் வேறு யாருமில்லை, கிறிஸ்டோஃபெல் தைஸ்தான் என்றும் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். கடன்காரனின் நிலம்! கடனைத் தணிக்க அவருக்கு ஒரு படம் போட்டுக் கொடுத்திருப்பார் என்று சிலர் ஊகிக்கிறார்கள். அப்படியே இருந்தாலும், படத்தைப் பாருங்கள், பண்ணை ஒரு ஓரத்துக்கு அடையாளம் போல்தான் இருக்கிறது. அதைப் பெரிசாகக் காட்டி முதலாளியைக் குளிரவைக்கிற வேலை எதுவும் இல்லை. பண்ணையும் பக்கத்துக் குடிசையும் சர்ச்சும் ஒரே மண்ணில் ஒரே அளவு கவனத்தோடு கிடக்கின்றன. யாருடைய நிலம் என்பதையே அவர் மறந்துபோனார் என்றுதான் தோன்றுகிறது.

தைஸ் மறக்கவில்லை. 1653-ல் வட்டியும் சேர்த்து 8,000 கில்டருக்கு மேல் கேட்டு நெருக்கினார். ரெம்பிராண்ட் மற்றவர்களிடம் புதுக்கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கப் பார்த்தார். யான் சிக்ஸும் 1,000 கில்டர் கொடுத்தார். இந்த மாதிரிக் கணக்கு எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் அவர் தொட்ட ஒரு தகடு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹெர்குலஸ் செகெர்ஸ் என்று ஒருவர். ரெம்பிராண்டுக்கு மூத்த தலைமுறை. பாறையும் பள்ளத்தாக்குமாக விசித்திரமான நிலக்காட்சிகளை வண்ணத் தாளிலும் துணியிலும் அச்சடித்துப் பார்த்தவர். வாழும்போது அவரை மதித்தவர்கள் குறைவு. ரெம்பிராண்ட் அவருடைய ஓவியங்கள் எட்டை வாங்கி வைத்திருந்தார், ஒரு செப்புத் தகட்டையும். அந்தத் தகட்டில் டோபியாஸ் என்ற பையனும் ஒரு தேவதூதனும் பெரிசாக நடந்து போகிறார்கள். 1653 வாக்கில் ரெம்பிராண்ட் அந்த இரண்டு உருவங்களையும் சுரண்டி அழித்து, அந்த இடத்தில் மரங்களைப் போட்டு, கீழே எகிப்துக்குத் தப்பி ஓடும் யோசேப்பையும் மரியாளையும் குழந்தையையும் சின்னதாக வைத்தார். செகெர்ஸின் நிலத்தை மட்டும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார். மரங்களின் இலைகளுக்குள் உற்றுப் பார்த்தால் பழைய தேவதூதனின் இறக்கை இன்னும் லேசாகத் தெரியும். முழுசாக அழிக்க முடியவில்லையா, வேண்டுமென்றே விட்டாரா, செம்பு சொல்லாது.

அதற்கு அப்புறம் நிலக்காட்சி எட்சிங் நின்றுபோயிற்று. 1656-ல் சொத்தெல்லாம் கடன்காரர்களுக்கு என்று மனுப்போட்டார். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து 363 இனங்கள் கொண்ட பட்டியல் எடுத்தார்கள். ஓவியங்கள், சிலைகள், கவசங்கள், சங்குகள்... எல்லாம் ஏலம். 13,000 கில்டர் வீடு 1658-ல் சுமார் 11,000-க்குப் போனது. ரோஸன்கிராக்ட் பகுதியில் வாடகை வீடு. கடன்காரர்கள் புதுப்படங்களையும் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, 1660-ல் ஹென்ட்ரிக்யேயும் டைட்டஸும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி, ரெம்பிராண்டை அதில் வேலைக்காரராக வைத்துக்கொண்டார்கள். உலகமே கொண்டாடுகிற ஓவியர் சொந்த மகனிடம் எம்ப்ளாயி! இந்த வருஷங்களில்தான் அவருடைய மகத்தான சுயஉருவ ஓவியங்கள் வந்தன. ஆனால் ஆம்ஸ்டெல் கரை வரவில்லை. நடந்து போவதற்குத் தெம்பு இல்லையோ, மனசு இல்லையோ. 1663-ல் ஹென்ட்ரிக்யே போனாள். 1668-ல் டைட்டஸ், கல்யாணமான சில மாசத்திலேயே. 1669 அக்டோபர் 4-ல் ரெம்பிராண்ட். வெஸ்டர்கெர்க் சர்ச்சில் அடையாளம் இல்லாத வாடகைக் குழியில் புதைத்தார்கள்.

தகடுகள் மட்டும் பிழைத்தன. ஓவியம் ஒருவரிடம்தான் இருக்கும், தகடு அப்படியில்லை, கை மாறி மாறி அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். பாரிஸ் வியாபாரிகளிடம் போய், தேய்ந்து, யார் யாரோ மேலே கோடு போட்டு, மறுபடி அச்சடித்து... கடைசியில் அமெரிக்காவில் ஒரே இடத்தில் இருந்த 78 தகடுகள் 1993-ல் பிரித்து விற்கப்பட்டு மியூசியங்களுக்கும் தனியாருக்கும் போயின. நடுவே 19-ம் நூற்றாண்டில், மழையும் மேகமும் இடிந்த குடிசையும் மனசோடு பேசும் என்று நம்பிய ரொமான்டிக் காலத்துக்குப் பிறகு, எட்சிங் மறுபடி உயிர்பெற்றபோது எல்லாரும் ரெம்பிராண்டின் இந்தச் சின்னத் தகடுகளைத்தான் பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டார்கள். லண்டனில் ஸீமோர் ஹேடன் என்ற சர்ஜன், பகலில் ஆப்பரேஷன், ஓய்வில் ஊசியும் தகடும். ரெம்பிராண்ட் மாதிரியே தகட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கே போனவர். 1877-ல் ரெம்பிராண்டின் எட்சிங்குகளை வருஷ வரிசைப்படி வைத்து ஒரு கண்காட்சியே நடக்கச் செய்தார்.

என் போர்டை இரண்டாம் முறை சரியாகச் செய்துவிட்டேன். எல்.இ.டி. ஓடுகிறது. பழைய போர்டு ஹாஸ்டல் ஜன்னலில் இருக்கிறது. 'மூன்று மரங்கள்' படத்தை ஜெராக்ஸ் எடுத்து லேப் சாரிடம் கொடுத்தேன். அவர் மரங்களைப் பார்க்கவில்லை, மழைக் கோடுகளைத்தான் பார்த்தார். எத்தனை நிமிஷம் அமிலத்தில் விட்டிருப்பான் என்று முணுமுணுத்தபடி லென்ஸ் கேட்டார். தூண்டில்காரரைக் கண்டுபிடித்தார். வண்டியைக் கண்டுபிடித்தார். மேட்டின் மேல் படம் வரைகிறவரைக் கண்டுபிடித்ததும் சின்னப்பிள்ளை மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புதருக்குள் இருக்கும் ஜோடியைப் பற்றி நான் சொல்லவில்லை.